பாயிஸா மன்னிக்கவில்லை

முதல்லயே சொல்லிடுறேன், ஹுதைபாவை எனக்குப் பிடிக்காது. ரெண்டு பக்கமும் பார்த்து நியாயமாப் பேசுற ஆள் வேணும்னா வேற யாரையாவது தேடிக்குங்க. நான் பாயிஸா அக்கா பக்கம்.

குண்டசாலையில பொம்பளைங்களுக்குக் கார் பழக்குற பொம்பளை அவங்க ஒருத்தங்க தான். கூரையில "பாயிஸா லேர்னர்ஸ்"னு போர்டு மாட்டின வெள்ளைக் கார். கறுப்பு அபாயா, கால்ல ஆம்பளைங்க போடுற சப்பாத்து. வாயைத் திறந்தா மெனிக்கின்ன சந்தி வரைக்கும் கேக்கும். நான் பழகப் போன முதல் நாளே ஏத்தத்துல வண்டி பின்னால உருண்டிச்சு. "கிளச்ச விடு புள்ள, கிளச்ச விடு! அது என்ன உன்ட மாப்பிள்ளையா, அப்படி அமத்திப் புடிச்சிட்டு ஈக்கிற?"ன்னாங்க. ரோட்டுல பணிஸ் வித்துக்கிட்டுப் போன வண்டிக்காரன் கூட நின்னு சிரிச்சான். வெக்கமாப் போச்சு. ஆனா மூணாம் மாசம் லைசன்ஸ் கையில இருந்திச்சு.

நான் பிரேமிளா. கண்டி டவுன்ல ஷெயார் வாங்கி விக்கிற ஒரு தரகுக் கம்பனிக் கிளையில வேலை. வாடிக்கைக்காரங்க வாங்கச் சொன்னா வாங்குறது, விக்கச் சொன்னா விக்கிறது, பத்திரத்துல கையெழுத்து எடுக்கிறது, இது தான் என் பொழப்பு. பாயிஸா அக்கா வீடு எங்க வீட்டுக்கு நாலு வீடு தள்ளி.

அவங்க வீட்டுக்காரர் நிஸாம் நானா (நானான்னா அவங்க பேச்சுல அண்ணன்) ஒரு அட்டைப்பெட்டிக் கம்பனியில மெஷின் போர்மன். கம்பனி பேரைச் சொன்னா என் மேல வழக்குப் போட்டாலும் போடுவாங்க, அட்டைப்பெட்டிக் கம்பனின்னே வச்சுக்குங்க. இருபத்தொன்பது வருஷம் அங்க உழைச்சாரு. அந்தக் கம்பனி பங்குச் சந்தைக்குப் போனப்ப தொழிலாளிங்களுக்கும் கொஞ்சம் ஷெயார் குடுத்தாங்க. மத்தவங்க அடுத்த மாசமே வித்துட்டு ஃப்ரிட்ஜ் வாங்குனாங்க, டிவி வாங்குனாங்க. நிஸாம் நானா விக்கல. ஓவர்டைம் சல்லியில இன்னும் கொஞ்சம் கொஞ்சமா வாங்கி நாற்பதாயிரம் ஷெயார் சேர்த்து, அத்தனையும் பாயிஸா அக்கா பேருக்கு மாத்தி வச்சாரு. "நான் முந்திட்டா நீ யார்ட்டயும் கை நீட்டக் கூடாது"ன்னு சொல்லுவாராம்.

ஹுதைபா அவருக்குக் கூடப் பிறந்த தம்பி. வாப்பா இல்லாத வீடு. நானா தான் அவனை கணக்கியல் பரீட்சை எல்லாம் எழுத வச்சு, அதே கம்பனியில சின்னக் கிளார்க்கா சேர்த்து விட்டாரு. அவன் கெட்டிக்காரன், அதை நான் மறுக்கல. இருபது வருஷத்துல கம்பனிக்கே நிதிப் பணிப்பாளர் ஆயிட்டான். அதுக்குப் பிறகு நிஸாம் நானா எண்ணெய்ச் சட்டையோட நின்னுக்கிட்டு நாலு பேர் முன்னால தம்பியை "சேர்"னு கூப்பிடுவாரு. அவன் ஒரு நாளாவது "நானா, அப்படிக் கூப்பிடாதீங்க"ன்னு சொன்னானான்னு பாயிஸா அக்காகிட்ட கேட்டேன். சொல்லவே இல்லையாம்.

2023 பெப்ரவரியில நிஸாம் நானா நெஞ்சு வலின்னு உக்காந்தவரு, ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டாரு. மகள் ஸனா கட்டாருல மாப்பிள்ளையோட இருக்கா, வந்து ஒரு கிழமை நின்னுட்டுப் போனா. பாயிஸா அக்கா இத்தாவுல இருந்தாங்க. புருஷன் மவுத்தானா முஸ்லிம் பொம்பளைங்க நாலு மாசம் பத்து நாள் வீட்டோட இருப்பாங்க. பொம்பளைங்க போய்ப் பார்க்கலாம். வாப்பா, கூடப் பிறந்தவங்க, மகன் மாதிரி ஆம்பளைங்க பார்க்கலாம். புருஷனோட தம்பி அந்தக் கணக்குல வர மாட்டான். அவன் முன்னால இவங்க வரக் கூடாது.

மலை ரோட்டுல நாளைக்கு எட்டு மணித்தியாலம் கத்திக்கிட்டுத் திரிஞ்ச மனுஷி நாலு செவத்துக்குள்ள. கார் முத்தத்துல படங்கு போத்தி மூடி நிக்குது. பழக்கினா தான் வருமானம், பழக்க ஏலா. காரைக் கடனுக்குக் குடுத்த லீசிங் கம்பனிக்காரன் மட்டும் இத்தா பார்ப்பானா? ரெண்டு தவணை தவறினதும் கடிதம் வந்திச்சு, மூணாவதுக்கு வண்டியைத் தூக்குவோம்னு.

அந்த நேரம் பார்த்துத் தான் ஹுதைபாவுக்கு மதினி மேல அக்கறை பொங்கி வழிஞ்சிச்சு. அவன் பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையில வேற ஒரு ஆள், பேணுதலான மனுஷன். நேர்ல வர மாட்டான். ஃபோன்ல ஒருத்தருக்கொருத்தர் கதைக்கிறதும் அவ்வளவு சரியில்லையாம். அதனால என்ன செஞ்சான்? வாட்ஸ்அப்புல குரலைப் பதிஞ்சு அனுப்பினான். வேற எந்தத் திருடனும் செய்யாத வேலை இது. நேர்ல வந்து நாலு வார்த்தை குசுகுசுத்துட்டுப் போயிருந்தா காத்தோட போயிருக்கும்.

முதல் குரல்ல, "மதினி, கம்பனி நிலைமை சரியில்ல. ஓடர் எல்லாம் கொறஞ்சிட்டு. ஷெயார வித்துட்டு லீசிங்கக் கட்டுங்க"ன்னான். பாயிஸா அக்கா சும்மா விடுற ஆளா? அவங்களும் குரல் அனுப்பிக் கேட்டாங்க. ஏன் சரியில்ல? எவ்வளவு விழும்? வீணாப் போற கம்பனிட ஷெயார எவன் சல்லி குடுத்து வாங்குவான்? முகத்துக்கு முகம் பார்த்துக் கண்ணைக் காட்டி மழுப்ப அவனுக்கு வழியில்ல. ஒவ்வொரு கேள்விக்கும் வாயால பதில் சொல்ல வேண்டி வந்திச்சு. "நம்மட அஷ்பாக் எடுப்பான் மதினி. இருபத்தொரு ரூபாய்க்கு மொத்தமா எடுக்கச் சொல்லி இருக்கேன். அவனுக்கு நட்டம் தான், குடும்பத்துக்காகச் செய்றான். ஆனா இந்த வெள்ளிக்குள்ள முடிக்கணும்"னு ஒரு குரல். அஷ்பாக் அவனோட பொஞ்சாதி சகீனாவுக்குத் தம்பி. கம்பளையில கோழிக்கடை வச்சிருக்கான்.

விக்கிற பத்திரத்தைக் கொண்டு போய்க் கையெழுத்து வாங்கினவ நான். பொம்பளை தானே வீட்டுக்குள்ள போகலாம்னு மனேஜர் என்னை அனுப்பினாரு. "ஏன்க்கா இப்ப விக்கிறீங்க? கொஞ்சம் பொறுக்கலாமே"ன்னு கேட்டேன். "தம்பி சொன்னாரு புள்ள. உள்ளுக்கு இருக்கிறவருக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது?"ன்னாங்க. அதுக்கு மேல நான் ஒன்னும் பேசல. அதை நினைச்சா இன்னைக்கும் எனக்கு என் மேலயே ஆத்திரம் வரும்.

எட்டு லட்சத்து நாற்பதாயிரம் வந்திச்சு, லீசிங்குக்கே போயிடுச்சு. நட்டப்பட்டு உதவி செஞ்ச புண்ணியவானுக்கு நன்றி சொல்லணும்னு பாயிஸா அக்கா ஒரு தட்டு வட்டலப்பம் அவிச்சுக் கம்பளைக்குக் குடுத்து விட்டாங்க. அதையும் அவனுங்க தின்னானுங்க.

சரியா ஆறு கிழமை. ஒரு புதன்கிழமை காலையில வேலையில இருக்கிறேன், சந்தையில அறிவிப்பு வருது. வெளிநாட்டுக் கம்பனி ஒன்னு அட்டைப்பெட்டிக் கம்பனியை மொத்தமா வாங்கப் போகுது. ஷெயார் ஒன்னுக்கு அறுபத்தெட்டு ரூபா. அரை நாள் லீவு போட்டுட்டு த்ரீவீல் புடிச்சு நேரா அவங்க வீட்டுக்குப் போனேன்.

அழுவாங்கன்னு நினைச்சேன். அழல. "அறுபத்தெட்டா?"ன்னு ஒரு தரம் கேட்டாங்க. பிறகு ஃபோனை எடுத்து அந்தக் குரல் எல்லாத்தையும் ஒன்னு விடாம எனக்குப் போட்டுக் காட்டுனாங்க. "இந்த வெள்ளிக்குள்ள முடிக்கணும்" வந்தப்ப நான் வாய் விட்டே அவனைத் திட்டினேன். அஷ்பாக் பேர் வந்தப்ப அவங்களே நிப்பாட்டி, "கோழி அறுக்கிறவனுக்கு அட்டைப்பெட்டி ஷெயார் எதுக்கு புள்ள?"ன்னாங்க.

நான் எனக்குத் தெரிஞ்ச சட்டத்தைச் சொன்னேன். கம்பனிக்குள்ள இருக்கிறவனுக்கு ஊருக்குத் தெரியாத பெரிய விஷயம் தெரிஞ்சா, அது எல்லாருக்கும் அறிவிக்கிற வரைக்கும் அவன் அந்த ஷெயாரை வாங்கவும் கூடாது, விக்கவும் கூடாது. வேற ஆள் பேர்ல வாங்க வைக்கவும் கூடாது. விஷயத்தை வெளியில யாருக்கும் சொல்லவும் கூடாது. மீறினா அபராதம், ஜெயில் கூட உண்டு. கொழும்புல இதுக்குன்னே ஒரு ஆணைக்குழு இருக்கு. "ஆனா அக்கா, விக்கச் சொன்ன நேரம் அவனுக்கு விஷயம் தெரியும்னு காட்டணும். கம்பனி விழப் போகுதுன்னு நானும் பயந்தேன்னு சொல்லித் தப்பிச்சுக்குவான்"ன்னேன்.

"அத அவன்ட வாயாலயே எடுப்பம்"னாங்க பாயிஸா அக்கா. "இத்தா முடிய இன்னும் முப்பத்து மூணு நாள் ஈக்குது. எனக்கு வேற வேலையும் இல்ல."

அந்த முப்பத்து மூணு நாளும் அவங்க செஞ்சதைப் பார்த்து எனக்கே கொஞ்சம் பயம் வந்திச்சு. தொழுவாங்க, ஓதுவாங்க, அது முடிய ஃபோனை எடுத்துத் தேன் மாதிரி குரல் அனுப்புவாங்க. "தம்பி, விலை ஏறிட்டாம். என்ட நஸீபு அவ்வளவு தான். உங்களுக்கும் தெரியாமப் போச்சே." அவன் உடனே, "ஓ மதினி, எனக்கும் தெரியாது. எல்லாம் மேலிடத்து வேலை"ன்னு பதில் போட்டான். நான் தலையில கையை வச்சுட்டேன். பாயிஸா அக்கா சிரிச்சாங்க. "பொறு. இவன எனக்கு சின்னதுலருந்து தெரியும். இவன்ட நோவுற எடம் வேற."

பத்து நாள் விட்டு அடுத்த குரல். "தம்பி, மனசுக்கு ஒரே கவலை. வந்து போற பொம்பளைங்க ஒரு மாதிரிக் கதைக்கிறாங்க. ஹுதைபா சேருக்குக் கம்பனியில ஒன்னும் தெரியாதாம், சும்மா பேருக்குத் தான் கதிரையில வச்சிருக்காங்களாம். உங்கட நானா இருந்தா இதக் கேட்டுத் தாங்க மாட்டாரு."

ஒரு மணித்தியாலம் போகல. ரெண்டு நிமிஷத்துக்கு மேல நீளமா ஒரு குரல் வந்திச்சு. மூச்சு வாங்குது அவனுக்கு. "யாரு மதினி சொன்ன? அந்த வியாபாரத்தப் பேசி முடிச்சதே நான். டிசம்பர்ல இருந்து நான் தான் அவங்களோட மல்லுக்கட்டினேன். நானா மவுத்தான அன்டைக்கும் நான் கொழும்புல அந்த மீட்டிங்ல தான். எல்லாம் எனக்குத் தெரியும் மதினி. ஆனா என்ன செய்ய? சட்டம் சொல்ல விடாது. உள்விஷயத்த வெளிய சொன்னா எனக்கு ஜெயில். இல்லாட்டி உங்களுக்குச் சொல்லாம இருப்பேனா?"

படுபாவி! சொல்லக் கூடாதுங்கிற பாதிச் சட்டம் மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு. வாங்கக் கூடாதுங்கிற மீதிப் பாதியைக் கோழிக்கடையில மறந்து வச்சுட்டான். நான் துள்ளிக் குதிச்சேன். பாயிஸா அக்கா குதிக்கல. அந்தக் குரலை இன்னொரு தரம் கேட்டாங்க. "நானா மவுத்தான அன்டைக்கும்" வந்த இடத்துல அவங்க முகம் கல்லாப் போச்சு. அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்ப ஆறு தரம் தம்பிக்கு ஃபோன் அடிச்சாங்களாம். எடுக்கலையாம்.

இத்தா முடிஞ்ச மறு நாள் காலையிலயே படங்கை இழுத்துப் போட்டு, கூரை போர்டைக் கழட்டிட்டு, தானே ஓட்டிக்கிட்டுக் கொழும்புக்குப் போனாங்க. நான் பக்கத்துல. கடுகண்ணாவ எறக்கத்துல ஒரு லொறிக்காரன் குறுக்க வந்தப்ப கண்ணாடியை எறக்கி அவனுக்குக் குடுத்தாங்க பாருங்க, நாலு மாசத்துக்குச் சேர்த்து வச்சிருந்த பேச்சு மொத்தமும் அவன் தலையில. எனக்கு அப்ப தான் உயிர் வந்திச்சு. ஆணைக்குழுவில இருந்த பொம்பளை ஆபீசர் குரல் எல்லாத்தையும் பொறுமையாக் கேட்டா. அந்தக் கடைசிக் குரல் முடிஞ்சதும், "இதை அழிச்சிடாதீங்க"ன்னு மட்டும் சொன்னா.

விசாரணை தொடங்கினதும் தான் முழுசும் தெரிய வந்திச்சு. பாயிஸா அக்கா மட்டும் இல்ல, ரிட்டையர் ஆன இன்னும் ஏழு பேர்கிட்ட இதே மாதிரி "கம்பனி விழப் போகுது"ன்னு பயம் காட்டி வாங்கியிருக்கான். எல்லாம் அஷ்பாக் பேர்ல, வாங்கின சல்லி ஹுதைபாவோடது. என்னையும் கூப்பிட்டு வாக்குமூலம் எடுத்தாங்க. மனேஜர் ரெண்டு மாசம் என் மூஞ்சியைப் பார்க்கல. பார்க்காட்டி எனக்கென்ன, மூஞ்சியைப் பார்த்தா சம்பளம் கூடவா போகுது?

ஜமாஅத்துல இருந்து ரிஸ்மி ஹாஜியார் வந்தாரு. நல்ல மனுஷன், சங்கடத்தோட தான் பேசினாரு. வித்த விலைக்கும் அறுபத்தெட்டுக்கும் வித்தியாசம் பதினெட்டு லட்சத்து எண்பதாயிரம், ஹுதைபா இருபது லட்சமாத் தருவான், முறைப்பாட்டை வாபஸ் வாங்கிடுங்க, குடும்ப மானம்னு சொன்னாரு. அப்ப பாயிஸா அக்காட கார் எஞ்சின் கொதிக்குது, ஏத்தத்துக்கு ஏத்தம் நிப்பாட்டித் தண்ணி ஊத்தி ஓட்டுறாங்க. நான் தனியாக் கூப்பிட்டுச் சொன்னேன், "அக்கா, நல்லா யோசிங்க. ஆணைக்குழு அவனுக்கு அபராதம் போட்டா அது உங்க கைக்கு வராது. உங்க சல்லிக்கு நீங்க தனியா வழக்குப் பேசணும், எத்தனை வருஷமோ."

"எனக்கு வெளங்குது புள்ள. ஆனா இத வாங்கிட்டா அவன் நாளைக்கும் அதே கதிரையில குந்துவான். அந்தக் கதிரைய வாங்கிக் குடுத்தது என்ட மனுஷன். அதுலருந்து அவன் எழும்பணும்"னாங்க. ரிஸ்மி ஹாஜியாருக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்பி வச்சாங்க.

ஒன்னரை வருஷம் இழுத்திச்சு. அதுக்குள்ள சொந்தக்காரங்க பாதிப் பேர் கதைக்கிறதை விட்டாங்க. கல்யாண வீட்டுக்கு அழைப்பு வராது. கட்டாருல இருந்து ஸனா அழுதுக்கிட்டு ஃபோன் அடிப்பா, "உம்மா, சாச்சாவ விட்டுருங்க, எனக்கு மாமியார் வீட்டுல வெக்கமா ஈக்குது"ன்னு. பாயிஸா அக்கா மகளுக்குப் பதில் சொல்லாம சமையல் பத்திக் கதைப்பாங்க. வலிக்கலன்னு நான் சொல்ல வரல.

கடைசியா வழக்குக்குப் போனா ஜெயில் வரும்னு வக்கீல் சொல்லவும், ஹுதைபா குத்தத்தை ஒத்துக்கிட்டான். சம்பாதிச்சதை விடப் பெரிய அபராதம். பத்து வருஷத்துக்கு சந்தையில இருக்கிற எந்தக் கம்பனியிலயும் பணிப்பாளரா இருக்க முடியாது. பேர் பேப்பர்ல வந்திச்சு. பள்ளிவாசல் சபையில இருந்தும் தானாவே வெலகிட்டான், வெலகச் சொல்ல முந்தி. பேப்பரை நான் தான் கொண்டு போய்க் குடுத்தேன். பாயிஸா அக்கா கண்ணாடி போட்டு ரெண்டு தரம் வாசிச்சாங்க. "ஒரு வரி தான் போட்டிருக்கானுங்க"ன்னு குறைப்பட்டாங்க.

இதோட முடிஞ்சிச்சுன்னு நினைச்சேன். முடியல.

ஹஜ்ஜுக்குப் போக முந்தி முஸ்லிம் ஆளுங்க, தங்களால மனசு நொந்தவங்களைத் தேடிப் போய் "பொருந்திக்கொள்ளுங்க"ன்னு கேப்பாங்க. அல்லாஹ்வுக்குச் செஞ்ச பிழையை அல்லாஹ் மன்னிப்பான், ஆனா மனுஷனுக்குச் செஞ்ச அநியாயத்தை அந்த மனுஷன் தான் மன்னிக்கணும்னு அவங்க நம்பிக்கை. போன வருஷம் மே மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பின்னேரம் ஹுதைபாவும் சகீனாவும் வந்தாங்க. நானும் அங்க இருந்தேன். என் நாத்தனார் நிரோஷா பழகிக்கிட்டிருந்தா, முத்தத்துல வண்டியை ரிவர்ஸ் எடுக்கிறா, பாயிஸா அக்கா வெளியில நின்னு அவளைத் திட்டிக்கிட்டிருக்காங்க.

ஹுதைபா ரொம்ப மெலிஞ்சு போயிருந்தான். கேட் கிட்டயே நின்னு ஒரு செக்கை நீட்டினான். "மதினி, இது உங்கட ஹக்கு, உங்களுக்குச் சேர வேண்டியது. ஒரு சதம் கொறையாம ஈக்குது. அடுத்த கிழமை ஹஜ்ஜுக்குப் போறம். என்னப் பொருந்திக்கொள்ளுங்க."

பாயிஸா அக்கா செக்கை வாங்கி, எழுதியிருந்ததை நல்லாப் பார்த்துட்டு, மடிச்சு அபாயா பையில போட்டாங்க. "இது என்ட சல்லி. வாங்கிக்கிட்டேன். ரசீது வேணுமா?"

"ரசீது வாணாம் மதினி. பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"அது ஏலா."

சகீனா அழத் தொடங்கினா. நிரோஷா எஞ்சினை நிப்பாட்டிட்டு வண்டிக்குள்ளயே இருந்தா. ஹுதைபாவுக்கும் கண் கலங்கிச்சு. "இவ்வளவு போனது போதாதா மதினி? வேலை போச்சு, மரியாதை போச்சு. நானா இருந்திருந்தா இந்நேரம் என்ன மன்னிச்சிருப்பாரு."

"ஓ, மன்னிச்சிருப்பாரு"ன்னாங்க பாயிஸா அக்கா. கத்தல. அவங்க அவ்வளவு மெதுவாப் பேசி நான் கேட்டதே இல்ல. "அது உனக்கு நல்லாத் தெரியும். உயிரோட இருக்கக்குள்ள நீ வந்து கேட்டிருந்தா நாற்பதாயிரத்தையும் சும்மாவே தூக்கித் தந்திருப்பாரு. நீ கேக்கல்ல. மன்னிக்கிற ஆள் மண்ணுக்குள்ள போன பிறகு தான் வந்த. இப்ப மிச்சம் ஈக்கிறது நான் மட்டும் தான், ஹுதைபா. நான் பொருந்திக்க மாட்டேன். ஹஜ்ஜுக்குப் போறதுன்னாப் போ. அங்க போய் என்ன சொல்லுவன்னு நீயே யோசிச்சுக்க."

பிறகு சகீனா அவன் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டுப் போனா.

ஹஜ்ஜுக்குக் கட்டின சல்லி, வாங்கின உடுப்பு, சொந்தக்காரங்களுக்குச் சொன்ன பயணம், எல்லாம் தயாரா இருந்திச்சு. விமானம் அவன் இல்லாமப் போச்சு. இந்த வருஷமும் அவன் பேர் குடுக்கலையாம்.